முதல் டர்ட் பைக் வாங்குவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் பாதையில் பைக் ஓட்ட வேண்டும், அதற்கு எதை வாங்குவது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத் தொகுத்தது இது. பெட்ரோல் பங்கிலும் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு ரோடு, தமிழ்நாட்டு ஆர்டிஓ, தமிழ்நாட்டு முள் ஆகியவற்றை மனதில் வைத்துச் சொன்னவை. ரேஸுக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

டர்ட் பைக்னா என்ன? அட்வென்ச்சர் பைக்னு வேற சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா?

மண்ணில் ஓடும் வண்டிகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். முதல் வகை மோட்டோகிராஸ் பைக். மூடிய மண் டிராக்கில் தாவுவதற்கென்றே செய்தது. ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதுவும் இருக்காது. கவாஸாகி கேஎக்ஸ் 250 இந்த ரகம். இரண்டாவது டூயல் ஸ்போர்ட். உடம்பு டர்ட் பைக்குடையது, ஆனால் லைட், ஹாரன் எல்லாம் வைத்து ரோட்டில் ஓட்டவும் அனுமதி உள்ளது. ஹீரோ எக்ஸ்பல்ஸ், கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 இப்படிப்பட்டவை. மூன்றாவது அட்வென்ச்சர் டூரர். மூட்டை முடிச்சோடு நெடுந்தூரம் போவதற்கு, இடையில் ரோடு கெட்டுப்போனால் சமாளிப்பதற்கு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இதில் சேரும்.

நம் ஊர்ப் பேச்சில் 'டர்ட் பைக்' என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். இங்கேயும் அதே அர்த்தத்தில்தான் சொல்கிறேன். பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரே அடையாளம் சக்கரம். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டிலும் ஸ்போக் கம்பி. முன் சக்கரம் பெரிதாக இருந்தால்தான் கல்லிலும் குழியிலும் விழாமல் உருண்டு ஏறும்.

மாசத்துக்கு ஒரு தடவை போனாலே அதிசயம். அதுக்குன்னு தனியா ஒரு வண்டி வேணுமா? இருக்கிற ஸ்ப்ளெண்டர்லயே போகக்கூடாதா?

தாராளமாகப் போகலாம். மலைக் கிராமங்களில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் உர மூட்டையும் பால் கேனும் ஏற்றிக்கொண்டு போகிற பாதையில்தான் நாம் ஷூவும் கிளவுஸும் மாட்டிக்கொண்டு திணறுகிறோம். முதல் சில தடவை கையில் இருக்கிற வண்டியிலேயே போய்ப் பாருங்கள். நின்றுகொண்டு ஓட்டுவது, ரியர் பிரேக் பிடித்தால் வால் எப்படி வழுக்குகிறது, சரளையில் ஹேண்டில் எப்படி ஆடுகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இது நமக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

எங்கே தட்டும் என்றால், தரை இடைவெளியில். ஸ்ப்ளெண்டருக்கு அது 165 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 200-க்கு 220. பாதை நடுவில் துருத்தி நிற்கும் கல் எஞ்சினுக்கு அடியில் இடித்தால் ஆயில் வடிந்து வண்டி அங்கேயே நின்றுவிடும். கல் இல்லாத செம்மண் பாதை மட்டும்தான் உங்கள் வழி என்றால் தனி வண்டி வேண்டியதே இல்லை.

கேஎக்ஸ் மாதிரி நிஜமான ரேஸ் வண்டியை வாங்கி, லைட் மாட்டி, ஆர்டிஓவுல பதிவு பண்ணிக்கலாம்ல?

முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39-ன்படி பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவே கூடாது. இந்த வண்டிகள் ரோட்டுக்கான ஒப்புதலே வாங்காமல், டிராக்குக்கு மட்டும் என்று விற்கப்படுபவை. நீங்கள் லைட் மாட்டினாலும் பதிவு கிடைக்காது. வீட்டிலிருந்து மண் பாதை வரைக்கும்கூட ஓட்டிப் போக முடியாது, பிக்கப் வண்டியில்தான் ஏற்றிப் போக வேண்டும்.

செலவும் வேறு கணக்கு. இவற்றுக்கு ஆயில், பிஸ்டன் எல்லாம் ஓடிய மணி நேரத்தைக் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். எப்போதாவது ஓட்டுகிறவருக்கு இது ஒத்தே வராது.

எத்தனை சிசி எடுக்கிறது? 200 போதுமா, 400 எடுத்துட்டா பின்னாடி மாத்த வேண்டியதில்லையே?

எல்லோரும் முதலில் கேட்பது சிசி. நான் திருப்பிக் கேட்பது எடை. மண்ணில் ஓட்டினால் வண்டி சாயும். மெதுவாகத் திரும்பும்போது சாயும், நிற்கும்போது சாயும், ஏற்றத்தில் பாதியில் நின்று பின்னால் உருண்டு சாயும். அப்போது அதைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தி மறுபடி ஏறிப் போக முடிகிறதா என்பதுதான் முதல் பைக்குக்கான கேள்வி. கேஎல்எக்ஸ் 230 ஏறக்குறைய 139 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 4வி (நான்கு வால்வு எஞ்சின் மாடல்) 158 கிலோ அளவில், எக்ஸ்பல்ஸ் 210 அதைவிட 10 கிலோவாவது கூட. ஹிமாலயன் 450 196 கிலோ. 139-க்கும் 196-க்கும் நடுவில் இருப்பது ஒரு சிமெண்ட் மூட்டைக்கும் மேல். மூன்றாவது தடவை தூக்கும்போது வித்தியாசம் இடுப்பில் தெரியும்.

சக்தியைப் பொறுத்தவரை, நம் ஊர்ப் பாதைகளில் பெரும்பாலும் முதல் இரண்டு கியரில்தான் போகப் போகிறீர்கள். 18, 19 குதிரைசக்தி அங்கே தாராளம். 40 குதிரைசக்தி வண்டியில் சரளை மேல் கை கொஞ்சம் அதிகமாக முறுகினால் பின் சக்கரம் உங்களை முந்தப் பார்க்கும். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலே 40. பர்ஸும் சின்ன எஞ்சின் பக்கம்தான் நிற்கிறது.

நான் 5 அடி 4 அங்குலம்தான். சீட் உயரம் 830-ன்னு போட்டிருக்கான். கால் எட்டுமா?

இரண்டு உள்ளங்காலும் முழுசாகப் பதியாது. பதிய வேண்டிய அவசியமும் இல்லை. இடது முன்பாதம் உறுதியாகப் பதிந்தால் போதும், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். ஷோரூமில் சும்மா நிற்கும் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு 'எட்டவில்லை' என்று திரும்பி வந்துவிடாதீர்கள். உங்கள் எடைக்கு ஷாக் அப்சர்பர் கொஞ்சம் இறங்கும். போடப்போகிற ஷூவையே போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். உயரத்தைவிட இடுப்பிலிருந்து பாதம் வரையிலான கால் நீளம்தான் கணக்கு, ஒரே உயரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு அது ஒன்றாக இருக்காது.

ஆனால் ஒரு எல்லை உண்டு. எக்ஸ்பல்ஸ் 200 4வி சாதாரண மாடல் 825 மில்லிமீட்டர் பக்கம், அதன் ப்ரோ மாடல் 891, கேஎல்எக்ஸ் 880. ப்ரோவின் நீளமான சஸ்பென்ஷன் பார்க்க ஆசையாக இருக்கும். 5 அடி 4 அங்குலத்துக்கு முதல் வண்டியாக அதை எடுத்தால், சமமில்லாத தரையில் கால் ஊன்றும் பக்கம் பள்ளமாக அமைந்தால் போதும், அப்படியே சரியும். பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துவார்கள். அப்படிச் செய்தால் தரை இடைவெளியும் போகும், எதற்காக இந்த வண்டி வாங்கினோமோ அதில் ஒரு பங்கு போய்விடும்.

சுத்தி வளைக்காம பேரைச் சொல்லுங்க. எதை வாங்குறது?

பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்பல்ஸ். 2019-ல் 200 சிசியில் வந்தது, 2021-ல் நான்கு வால்வு, 2025-ல் தண்ணீர் குளிரூட்டலோடு 210. நெடுஞ்சாலையில் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய் அதன் பிறகு மண்ணில் இறங்குகிறவர்களுக்கு 210 எஞ்சின் சுகம், ஆறாவது கியரும் உண்டு. ஊர் எல்லையிலேயே மண் தொடங்கிவிடுகிறது என்றால் 200 4வி, அதுவும் செகண்ட்ஹேண்ட், போதும். ஏர்-ஆயில் கூலிங் எஞ்சின் என்பதால் கல்லில் இடித்து உடைய ரேடியேட்டர் இல்லை. உடைந்த கிளட்ச் லீவருக்குத் தாலுகா ஊரிலேயே உதிரிபாகம் கிடைக்கும். என் கணக்கில் இது பத்து குதிரைசக்திக்குச் சமம்.

கால் நீளமும் தார் ரோட்டில் பொறுமையும் இருந்தால் கேஎல்எக்ஸ் 230. மண்ணில் எக்ஸ்பல்ஸைவிடச் சுலபமாக வளைகிற வண்டி. வந்த புதிதில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த விலை பிறகு நன்றாகவே இறங்கிவிட்டது. பெட்ரோல் டேங்க் சின்னது, சர்வீஸ் சென்டர் பெரிய ஊர்களில்தான். சிவகங்கையிலோ தர்மபுரியிலோ இருப்பவர் வாங்கும் முன் பக்கத்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஹிமாலயன் 450 நல்ல வண்டிதான், ஆனால் மேலே எடை பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். லடாக் போக ஆசையா, பக்கத்துக் கரட்டுக்குப் போக ஆசையா என்று மனசைக் கேட்டாலே பதில் வந்துவிடும். கேடிஎம் 390 எண்டூரோ ஆர் இரண்டாவது வண்டி, முதல் வண்டி இல்லை.

செகண்ட்ஹேண்ட் எடுத்தா ஏமாந்துடுவோமோ? எதையெல்லாம் பாக்கணும்?

டர்ட் பைக்கில் கிலோமீட்டர் மீட்டரை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 8,000 கிலோமீட்டர் மண்ணில் அடிபட்ட வண்டி, 30,000 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வந்த வண்டியைவிட மோசமாக இருக்கும். ஆபீஸ் போய்வந்த எக்ஸ்பல்ஸ் நிறையவே விற்பனைக்கு வருகிறது. ஆசையாக வாங்கி, மண்ணில் இறக்காமலேயே விற்கிறார்கள். தேட வேண்டியது அந்த மாதிரி வண்டியை.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன ஸ்பேனரும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகிய கம்பி 'டிங்' என்று சத்தம் தரும், தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். இரண்டு மூன்று டொக் பரவாயில்லை. வரிசையாக வந்தால் ரிம் கோணியிருக்கும். பிறகு முன் ஃபோர்க் குழாயில் விரல் வைத்து மேலும் கீழும் தடவுங்கள். எண்ணெய்ப் பசை ஒட்டினால் ஆயில் சீல் போய்விட்டது, நகத்தில் கீறல் தட்டினால் குழாயே அடிபட்டிருக்கிறது. சீல் மலிவு, குழாய் இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் 'டக்' என்று பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தேய்ந்திருக்கிறது. குனிந்து எஞ்சின் அடியில் இருக்கிற பாஷ் பிளேட்டில் டார்ச் அடியுங்கள். வண்டியின் கதையை ஓனரைவிட அதுதான் உண்மையாகச் சொல்லும். கடைசியாக ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சின் பக்கத்தில் மண் இருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது எந்த வண்டிக்கும் உள்ளதுதான். ஆர்சியில் ஹெச்பி, அதாவது வண்டிக் கடன் குறிப்பு, கேன்சல் ஆகியிருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம். வேறு மாநில வண்டி என்றால் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) ரோடு டாக்ஸும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிற வண்டி இங்கே பதிவு மாற்றியதும் மலிவாக இருக்காது.

பழைய ஆர்எக்ஸ் 100-ஐ டர்ட் பைக்கா மாத்தித் தர்றேன்னு ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்றாரு. செய்யலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கும் கொஞ்சம் மனசு இளகும். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி, 98 சிசி, நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய எடை. நம் ஊர் மண் ரேஸ்களில் ஒரு தலைமுறையே அதில்தான் கற்றுக்கொண்டது. ஆனால் சஸ்பென்ஷனை நீளமாக்கி, ஃபிரேமை வெட்டி ஒட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே வரும். ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஃப்சி புதுப்பிக்கப் போகும்போது நிற்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், வெல்டிங் விட்டுப்போவது எப்போதும் வீட்டிலிருந்து தூரமான இடத்தில்தான். நல்ல நிலையில் இருக்கிற ஆர்எக்ஸ் 100-க்கு இன்றைக்கு இருக்கும் விலையில் அதை வெட்டுவது பாவமும்கூட.

டயர் மாத்தணுமா? கம்பெனி டயரே போதுமா?

முதல் செட் தேயும் வரை கம்பெனி டயரே போதும். கட்டைக் கட்டையாக இருக்கிற முழு நாபி டயர் மண்ணில் கடித்துப் பிடிக்கும், ஆனால் மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் அடித்தால் வழுக்கும், சீக்கிரம் தேயும், ரீங்காரமும் போடும். வீட்டிலிருந்து மண் வரை போகிற தூரம் மண்ணில் ஓட்டும் தூரத்தைவிட அதிகம் என்றால் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பாதிக்குப் பாதி பொருந்தும் டயர்தான் சரி.

டயரைவிடக் காற்று முக்கியம். ரோட்டுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 25 பிஎஸ்ஐ-க்கு மேல் இருக்கும். மண்ணில் இறங்கும் முன் 18, 20-க்கு இறக்கிப் பாருங்கள், அதே டயர் வேறு டயர் மாதிரி நடந்துகொள்ளும். அதற்கும் கீழே இறக்கினால் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். திரும்பி ரோட்டுக்கு ஏறும்போது மறுபடி காற்று அடிக்க வேண்டும், அதனால் கையடக்க பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும்.

ட்யூப் டயர்னு சொல்றீங்க. நடுக்காட்டுல முள்ளு குத்துனா?

குத்தும். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது எப்போது என்பதுதான் கேள்வி. சீமைக்கருவேல முள் டயரின் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே முறிந்து நிற்கும். வெளியே தெரியாது. ட்யூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள், முள்ளில் துணி மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். அந்த முள்ளை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போகும்.

பையில் ஒரே ஒரு ட்யூப்தான் வைக்க இடம் இருக்கிறது என்றால் முன் சக்கரத்துக்கான 21 அங்குல ட்யூபை வையுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்னாலும் மடக்கிப் போட்டு வீடு வந்து சேரலாம், 18 அங்குல ட்யூபை முன்னால் இழுத்துப் போடுவது கஷ்டம். இரண்டு டயர் லீவர், ஆக்ஸிலுக்குச் சரியான ஸ்பேனர், பம்ப். இதை வீட்டு வாசலில் ஒரு தடவை முழுசாகச் செய்து பழகுங்கள், பஞ்சர் கடை அண்ணன் செய்வதை நின்று பார்த்தால் மட்டும் வராது.

ஏபிஎஸ் பாதுகாப்புதானே? ஏன் எல்லாரும் ஆஃப் பண்ணச் சொல்றாங்க?

தார் ரோட்டில் பாதுகாப்புதான், அங்கே ஆஃப் பண்ணவே வேண்டாம். சரளை இறக்கத்தில் கதை மாறும். சக்கரம் லேசாக வழுக்கினதுமே ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பின் சக்கரம் பூட்டினால் அதற்கு முன்னால் மண் குவிந்து வண்டி நிற்கும், வாலைத் திருப்பவும் அது உதவும். அதனால்தான் பின் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் வேண்டாம் என்கிறார்கள். முன் சக்கர ஏபிஎஸ் புதியவர்களுக்கு இருக்கட்டும். மண்ணில் முன் சக்கரம் பூட்டினால் நினைத்துப் பார்க்கவும் நேரம் இருக்காது, விழுந்துவிடுவோம். பழைய எக்ஸ்பல்ஸ் 200-ல் முன்னால் மட்டும்தான் ஏபிஎஸ், இந்த வேலைக்கு அது தற்செயலாகவே பொருந்திவிட்டது.

ஹெல்மெட் இருக்கு. மத்ததெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாமா?

ஷூவைத் தள்ளிப்போடாதீர்கள். மண்ணில் விழுவது பெரும்பாலும் மெதுவான விழுதல்தான், தலையைவிடக் கால் அடிபடுவதே அதிகம். வண்டி சாயும்போது கணுக்கால் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டும், சக்கரம் திரும்பினால் கால் முறுக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூவோ போலீஸ் பூட்ஸோ அதைத் தாங்காது. முழங்கால் வரை வரும் ஆஃப்ரோடு பூட்ஸ் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும், விலையைக் கேட்டு எல்லோரும் முகம் சுளிப்பார்கள். கணுக்கால் எலும்புக்குப் பிளேட் வைக்கிற செலவு அதைவிட அதிகம்.

அடுத்து முழங்கால் கவசம், கிளவுஸ். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சாதாரண ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட்டே ஆரம்பத்துக்குப் போதும். மெதுவாகப் போகும்போது உள்ளே வேகும், அவ்வளவுதான்.

பட்ஜெட் ஒன்றரை லட்சம். அதுக்குள்ள எப்படிப் பிரிக்கிறது?

முழுப் பணத்தையும் வண்டியில் போடாதீர்கள். ஒரு லட்சத்தைச் சுற்றி நல்ல செகண்ட்ஹேண்ட் 200 4வி தேடுங்கள், இருபதாயிரத்தைச் சுற்றி பூட்ஸும் முழங்கால் கவசமும், மிச்சத்தில் வாங்கிய உடனே செய்ய வேண்டிய செயின் ஸ்ப்ராக்கெட், ஆயில், ஹேண்டிலில் மாட்டும் கைக் காப்பு. இதிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு நாள் பயிற்சிக்குப் போக முடிந்தால், வண்டியில் மாட்டுகிற எந்தப் பாகமும் தராத மாற்றத்தை அது தரும். 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட் பார்க் கோலார் பக்கம் இருக்கிறது. சென்னை, வேலூர், ஓசூர்க்காரர்கள் அங்கேதான் போகிறார்கள். வண்டி அங்கேயே கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், பைக் வாங்குவதற்கு முன்னாடியே போய்வரலாம். அதுதான் சரியான வரிசையும்.

சைலன்ஸர் மாத்துனா பவர் ஏறுமா?

சத்தம் ஏறும். எங்கே ஓட்டுவது என்ற அடுத்த பதிலைப் படித்தால், சத்தம் ஏன் நமக்கு எதிரி என்று புரியும்.

சரி, எங்கதான் ஓட்டுறது? காட்டுக்குள்ள போனா பிடிப்பாங்களா?

பிடிப்பார்கள், பிடிக்கவும் வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 வேறு. ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதி இதில் வந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு நடந்து போகிறவர்களுக்கே விதிகள் கடுமையாகிவிட்டன, சைலன்ஸர் சூட்டோடு காய்ந்த புல்லில் போகிற நமக்கு யாரும் விதிவிலக்கு தரமாட்டார்கள். கூகுள் மேப்பில் கோடு தெரிகிறது என்பது அனுமதி ஆகாது.

மிச்சம் என்ன இருக்கிறது என்றால், நிறையவே இருக்கிறது. ஊராட்சி மண் ரோடுகள், இரண்டு கிராமங்களை இணைக்கும் வண்டிப்பாதைகள், கோடையில் வற்றிய ஓடைகளை ஒட்டிய பாதைகள், தெரிந்தவர்களின் தோட்டம், உரிமையாளர் சம்மதித்தால் எஸ்டேட் ரோடு. கண்மாய் உள்வாயில் இறங்கும் முன் ஊரில் ஒருவரைக் கேட்டுவிடுங்கள், கரையில் மட்டும் ஏறவே ஏறாதீர்கள். ஒரே இடத்தில் நாலு பைக் ஏறி இறங்கினால் கரையில் ஒரு தடம் விழும். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தத் தடத்தில்தான் ஓடத் தொடங்கும், கரை அங்கேதான் அறுக்கும். வரப்பும் அப்படித்தான். கைவிட்ட கல்குவாரிகள் வேண்டாம், விளிம்பு எங்கே உடைகிறது என்று தெரியாது, கீழே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றும் தெரியாது.

எதிரில் ஆட்டு மந்தை வந்தால் எஞ்சினை அணைத்து நில்லுங்கள். ஊருக்குள் போகும்போது இரண்டாவது கியரில், உட்கார்ந்தபடி. டீக்கடையில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனவரை அடுத்த தடவை யாரும் மறிப்பதில்லை. ஒரு ஊரில் பாதை அடைபட்டதற்குக் காரணம் கேட்டால் அநேகமாக அதற்கு முந்தின வாரம் சத்தமாகப் போன ஒருவர்தான்.

மழை பெஞ்ச மறுநாள் போனா நல்லா இருக்குமாமே?

மண்ணைப் பொறுத்தது. செம்மண்ணில் லேசான மழைக்கு மறுநாள் அருமை. தூசி அடங்கி, டயர் நன்றாகப் பிடிக்கும். கரிசலில் போகவே போகாதீர்கள். கோவில்பட்டிப் பக்கம் ஈரக் கரிசலில் நூறு அடி போனால் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இறுகி, சக்கரம் சுற்றுவதே நின்றுவிடும். குச்சியால் குத்திக் குத்தி எடுத்துவிட்டு இன்னொரு நூறு அடி போகலாம். தேரிக்காட்டு மணலுக்கு மழை உதவும், காய்ந்த தேரியில் புதியவர்களுக்கு முன் சக்கரம் புதைந்துகொண்டே இருக்கும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, த்ராட்டிலை விடாமல் போகத் தெரிந்த பிறகு போகலாம்.

பையனுக்கு 14 வயசு. அவனுக்கும் பழக்கலாம்னு ஆசை. என் வண்டியவே கொடுக்கலாமா?

பொது ரோட்டில் கூடவே கூடாது, ஊராட்சி மண் ரோடும் பொது ரோடுதான். கியர் வண்டிக்கு உரிமம் 18 வயதில்தான். 18 நிறையாதவர் ஓட்டிச் சிக்கினால் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ-ன்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவும் ஒரு வருடம் ரத்தாகும்.

வேலி போட்ட சொந்தத் தோட்டத்திலோ பயிற்சி மைதானத்திலோ, அவன் உடம்புக்கேற்ற சின்ன வண்டியில் பழக்கலாம். 158 கிலோ வண்டி அவன் மேல் சாய்ந்தால் அவனால் வெளியே வர முடியாது.

தனியா போகலாமா?

குறைந்தது இரண்டு பேர். ஒருவர் காலில் வண்டி விழுந்து கிடந்தால் தூக்க இன்னொருவர் வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் லொகேஷன் அனுப்ப முடியாது.

மண்ணுல விழுந்து உடைஞ்சா இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சாதாரணமாக ஓட்டி விழுந்ததற்கு, சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி இருந்தால் கேட்கலாம். ரேஸ், வேகப் பரிசோதனை போன்ற போட்டிகளில் ஓட்டியது என்றால் பாலிசியிலேயே விலக்கு எழுதியிருக்கும். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் 'சும்மா ஒரு டைம் ட்ரையல்' கூட இந்த விலக்குக்குள் இழுக்கப்படலாம். சொல்லாமல் செய்த மாற்றங்கள், ஆர்எக்ஸ் பற்றிய பதிலில் சொன்ன ரகம், சர்வேயர் வரும்போது பிரச்சினையாகும். வளைந்த லீவருக்கும் உடைந்த இண்டிகேட்டருக்கும் கிளெய்ம் போடாதீர்கள், அதில் போகிற நோ கிளெய்ம் போனஸ் அந்த லீவரைவிட விலை கூடுதல்.

போயிட்டு வந்ததும் வாட்டர் வாஷ் விட்டா போதும்ல?

வாட்டர் வாஷ்தான் பல வண்டிகளைக் கெடுக்கிறது. பிரஷர் தண்ணீரை வீல் பேரிங், கோன் செட், செயின் பக்கம் நேராக அடித்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். தோட்டத்துக் குழாயும் பிரஷும் போதும். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய் விடுங்கள், ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஸ்போக் கம்பியை மேலே சொன்ன மாதிரி தட்டிப் பாருங்கள், போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். மண்ணில் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனி புத்தகத்தில் உள்ள கிலோமீட்டருக்குப் பாதியிலேயே ஆயில் மாற்றுவது என் வழக்கம்.

எல்லாரும் பெரிய வண்டிதான் கெத்துன்னு சொல்லி ஹிமாலயன் எடுத்துட்டேன். இப்ப மண்ணுல இறக்கவே பயமா இருக்கு. வித்துடலாமா?

விற்க வேண்டாம், பாதையை மாற்றுங்கள். அகலமான சரளை ரோடு, காய்ந்த செம்மண், ஏற்ற இறக்கம் குறைந்த வண்டிப்பாதை. இவற்றில் அந்த வண்டி சொகுசாகவே போகும். காலி மைதானத்தில் வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பழகுங்கள். முதலில் கியரைப் போட்டுவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, ஹேண்டிலை ஒரு கையிலும் சீட் கம்பியை மறு கையிலும் பிடித்துக் காலால் பின்னுக்கு நடக்க வேண்டும். முதுகால் தூக்கக் கூடாது. தூக்க வருகிறது என்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். அப்படியும் ஒற்றையடிப் பாதைதான் இழுக்கிறது என்றால், அப்போது ஒரு பழைய 200-ஐப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓடையைத் தாண்டும்போது வண்டி தண்ணிக்குள்ள விழுந்து ஆஃப் ஆயிடுச்சு. என்ன பண்றது?

முதல் காரியம், செல்ஃப் பட்டனில் கை வைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது நசுங்காது, பிஸ்டன் அதை அழுத்தப் பார்த்துக் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாவியை அணைத்து, வண்டியைத் தள்ளிக் கரையேற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காய்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் போகவில்லை, கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால் பெட்டியில் உள்ள தண்ணீரைத் துடைத்தெடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பிறகு செல்ஃப் அடியுங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும், முகத்தை அங்கே வைக்காதீர்கள். வருவது நின்றதும் பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதோடு ஓட்டக் கூடாது, டாடா ஏஸ் கூப்பிடுங்கள். நிறம் மாறவில்லை, வண்டியும் கிளம்பிவிட்டது என்றால் மெதுவாக வீடு வந்து, அன்றைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிக்கிறதா என்று ஓடைக்கரையிலேயே இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.